பம்பைக்காரரின் கூலி

மே மாதத்தில் ஒரு வாரம், திருப்பதியில் மலையைவிடத் தெரு பெரிதாகிவிடுகிறது. ஏழுமலையானைத் தேடி வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. கீழே, தாத்தய்யகுண்டா கங்கம்மாள் கோயிலைச் சுற்றிய சந்துகளில் அப்போது ஜாத்திரை நடக்கும். கங்கம்மாள் வெங்கடேசப் பெருமாளின் தங்கை என்பது ஊர் நம்பிக்கை. அண்ணன் வீட்டுச் சீராக மஞ்சள், குங்குமம், புடவை தேவஸ்தானத்திலிருந்து வருகிறது. அண்ணன் இருக்கும் மலையில் மாமிசத்துக்கும் மதுவுக்கும் இடமில்லை. தங்கையின் வாசலிலோ ஆடும் கோழியும் பலியாகும். ஒரே ஊரில் இரண்டு சட்டம். ஊர் இரண்டையும் சிரமமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

2024 டிசம்பரில் வெளியான 'புஷ்பா 2' படத்தில் அல்லு அர்ஜுன் நீலம் பூசிய முகமும் சேலையுமாக ஆடியதைத் தமிழ் ரசிகர்களும் பார்த்தார்கள். அதன் மூலம் இந்த ஜாத்திரைதான். திரையில் அது ஒரு கதாநாயகனின் ஆவேசம். தெருவில் நடப்பதோ ஒரு பெண்ணின் தேடல்.

கதை இதுதான். ஊரை ஆண்ட பாளையக்காரன் ஒருவன் பெண்களைச் சூறையாடினான். கங்கம்மாள் விசுவரூபம் எடுத்ததும் பயந்து ஓடி ஒளிந்துகொண்டான். அவனைப் பிடிக்க அவள் தினம் ஒரு வேடம் போட்டுத் தெருத் தெருவாக அலைந்தாள். பைராகி, பண்டன், தோட்டி, துரை என்று வேடங்கள் மாறின. துரை வேடத்தில் அவன் தலையைக் கொய்தாள். அடுத்து மாதங்கியாக வந்து, விதவையாகிவிட்ட அவன் மனைவிக்கு ஆறுதலும் சொன்னாள். ஒழிக்க வேண்டியவனை ஒழித்துவிட்டு அவன் வீட்டுப் பெண்ணைத் தேற்றப் போகும் தெய்வம் அபூர்வம்தான்.

இந்த வேடங்களைப் பரம்பரையாகப் போடுகிறவர்கள் கைகால குடும்பத்து ஆண்கள். நேர்ந்துகொண்ட மற்ற ஆண்களும் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு கோயிலுக்கு வருகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இந்த ஜாத்திரையைப் பற்றி 2013இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகமே பெண்ணாகிவிடும் தருணம் என்று அதன் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

வேடம் தனியாக நடப்பதில்லை. முன்னால் பம்பை போகிறது. ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரட்டை முரசு அது. வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1911இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட மாவட்டம்தானே சித்தூர்? எல்லைக் கோடு வந்தபோது மொழி இரண்டு பக்கமும் சிதறியது. பம்பைக்கு அந்தக் கோடு தெரியவே தெரியாது. தமிழில் பறை என்பது தெலுங்கில் டப்பு, அடி ஒன்றுதான்.

ஊர்வலம் வீட்டுக்கு வீடு நிற்கும். வாசலில் பெண்கள் மஞ்சள் நீரால் அம்மனின் கால் கழுவி, ஆரத்தி எடுப்பார்கள். பம்பை உச்சத்துக்குப் போகும், இறங்கும், அடுத்த வாசலுக்கு நகரும். வாசல் வாசலாகத் தொடரும் இந்தப் பயணம் ஜாத்திரையின் ஒரு சுற்று.

இன்னொரு சுற்றும் உண்டு. திருப்பதிக்கு மட்டும் உரியதல்ல அது. சித்தூர் கிராமங்களிலும் வட ஆற்காட்டிலும் எந்த அம்மன் திருவிழாவிலும் காணக்கூடியது. ஒயின் ஷாப்பில் தொடங்கி, அடுத்த தெருவின் பாரில் தங்கி, மூன்றாவது இடத்தில் தள்ளாடும் ஆண்களின் சுற்று. கடையை அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தாலும் சரக்கு முந்தின நாளே வந்து சேர்ந்திருக்கும். ஒரு சுற்றில் பெண்கள் வாசலில் காத்திருக்கிறார்கள், அம்மன் வருகிறாள். மறு சுற்றில் பெண்கள் வாசலில் காத்திருக்கிறார்கள், யாரும் வருவதில்லை.

இந்த இரண்டு சுற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர் வாத்தியக்காரர். பல கிராமங்களில் அவருடைய கூலியில் ஒரு பகுதி இன்னும் பாட்டிலாகவே வருகிறது. விடிய விடிய அடிக்க வேண்டும், தோலை நெருப்பில் காய்ச்ச வேண்டும், மைல் கணக்கில் நடக்க வேண்டும். 'கொஞ்சம் போட்டால்தான் கை ஓடும்' என்று கொடுப்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் சொல்கிறார். இதைப் பெருந்தன்மை என்றே கொடுப்பவர் நினைக்கிறார். ஆனால் பணமாகக் கொடுத்தால் அது வீட்டுக்குப் போகும். பாட்டிலாகக் கொடுத்தால் அந்தத் தெருமுனையிலேயே தீர்ந்துவிடும். கச்சேரிக்கு வந்த வித்வானிடம் இப்படி ஒரு பாட்டிலை நீட்டி, இதுவும் சன்மானத்தில் சேர்த்தி என்று சொல்ல எந்தச் சபாச் செயலாளருக்காவது துணிவு வருமா? பறை அடிப்பவரிடம் மட்டும் அந்தத் துணிவு வருவதற்குக் காரணம் சாதி என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

கூலி எங்கே போகிறது என்ற இதே கேள்விதான் பக்கத்து மாவட்டத்தில் ஒரு சரித்திரத்தை உண்டாக்கியது. 1992இல் நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அறிவொளி இயக்கத்தின் பாடப் புத்தகத்தில், குடியை எதிர்த்துப் பெண்கள் திரண்ட கதை ஒன்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் அதை ஊரிலும் நடத்திக் காட்டினார்கள். நெருப்பு மாவட்டம் முழுக்கப் பரவியது. 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. முழு மதுவிலக்கு வாக்குறுதியோடு ஆட்சிக்கு வந்த என்.டி. ராமராவ் 1995 ஜனவரியில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெண்கள் ஒழுக்க சாஸ்திரம் பேசவில்லை. கணவனின் கூலி அடுப்புக்கு வராமல் கடைக்குப் போகிறதே என்றுதான் கேட்டார்கள்.

மதுவிலக்கு 1997இல் கைவிடப்பட்டது. கஜானாவின் பசியும் கள்ளக் கடத்தலும் காரணமாகச் சொல்லப்பட்டன. சித்தூர்க்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வேலூர் சுமார் 35 கிலோமீட்டர். மேற்கே போனால் கர்நாடகம். மூன்று மாநிலங்கள் கூடும் இடத்தில் ஒரு மாநிலம் மட்டும் தாழ்ப்பாள் போட்டு என்ன பயன்? 2019இல் ஆந்திர அரசு சில்லறைக் கடைகளைத் தானே எடுத்து நடத்தியது. 2024 அக்டோபரில் அவை மறுபடி தனியார் கைக்குப் போயின. கடைக்காரர் மாறினார். வாத்தியக்காரரின் கூலி மாறவில்லை.

சங்கீதத்துக்குப் பஞ்சமான பூமியல்ல இது. 1954இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, லயத்தில் சிங்கமான காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் சீடர். பக்கவாத்தியங்கள் வரிசையாக அமரும் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிக்குப் பேர்போனவர் அந்த குரு. தேவஸ்தானம் 1959இல் திருப்பதியில் இசை, நடனக் கல்லூரி தொடங்கியது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் முறையான பயிற்சி இருக்கிறது. கோயிலில் சம்பளத்தோடு உத்தியோகமும் இருக்கிறது. அண்ணனின் வாசலில் வாசிப்பவர் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறார். தங்கைக்கு முன்னால் அடிப்பவருக்கு மட்டும் ஏன் ஒரு ராத்திரிக் கணக்கு?

மாற்ற முடியாத விஷயம் என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் 1990களில் தலித் இயக்கங்கள் பறையை அவமானத்தின் அடையாளத்திலிருந்து மீட்டெடுத்தன. சாவு வீட்டிலும் திருவிழாவிலும் கட்டாயத்துக்கு அடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் மறுத்தார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். மறுபக்கம், திண்டுக்கல்லின் சக்தி குழுவில் இளம் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி மேடையேறினார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கருவி அதேதான், அடிப்பவருக்குக் கிடைக்கும் மரியாதை மாறியிருக்கிறது. பேசிய தொகை, சாப்பாடு, போக்குவரத்து என்று முன்கூட்டியே கறாராகப் பேசிக்கொள்ளும் குழுக்கள் இன்று இருக்கின்றன.

ஜாத்திரைக் கமிட்டிகளும் இதைச் செய்யலாம். பெரிய செலவில்லை. பந்தல்காரருக்கும் மின்விளக்குக்காரருக்கும் ரசீது இருப்பதுபோல் பம்பைக்காரருக்கும் ஒன்று. அழைப்பிதழில் உபயதாரர் பெயர்களுக்குக் கீழே அவர் பெயருக்கு ஒரு வரி. கூலி முழுவதும் பணமாக. குடிப்பதும் குடிக்காததும் அதற்குப் பிறகு அவர் பாடு. இல்லாவிட்டால் அந்த இடத்தையும் டி.ஜே. வண்டி பிடித்துக்கொள்ளும். வண்டிக்காரருக்கு யாரும் பாட்டிலைக் காட்டிக் கணக்கை முடிப்பதில்லை. ரொக்கத்தை எண்ணி வாங்கிக்கொண்டுதான் ஸ்பீக்கரை முடுக்குகிறார். பம்பையைக் காப்பாற்ற வேண்டும் என்று பின்னால் கருத்தரங்கு நடத்துவதைவிட, இப்போதே அதே ரொக்கத்தைப் பம்பைக்காரரிடம் எண்ணிக் கொடுப்பது மலிவு.

ஜாத்திரையின் கடைசியில், கோயில் முன்னால் களிமண்ணால் எழுப்பிய அம்மனின் பெரிய முகம் உடைக்கப்படுகிறது. அந்த மண்ணில் ஒரு பிடிக்காகக் கூட்டம் முண்டியடிக்கும். கிடைத்தவர்கள் பிரசாதமாகப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். மண்கூடப் பத்திரமாக வீடு போய்ச் சேர்கிறது. ராத்திரி முழுக்க அம்மனுக்கு முன்னால் அடித்தவரின் கூலியும் அப்படிப் போய்ச் சேர வேண்டும்.