ஓம எண்ணெய் வயலுக்கா, களஞ்சியத்திற்கா?

"பயிரில் பூசணமா? ஓம எண்ணெயைத் தெளியுங்கள், இரசாயனம் எதற்கு?" என்று பேசுவது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. நம் சங்க நண்பர்கள் சிலரும் இதைப் பெருமையோடு சொல்கின்றனர். பயிர்நோயியல் பயிலும் மாணவனாகிய எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு.

உடன்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓமத்தில் தைமாலும், கிராம்பில் யூஜினாலும், எலுமிச்சைப்புல்லில் சிட்ராலும் உள்ளன. இவை பூசணத்தின் உயிரணுச் சவ்வைச் சிதைக்கின்றன. உள்ளிருப்பவை கசிந்து வெளியேற, பூசணம் மடிகிறது. இது பாட்டி கதையன்று. ஆய்வுக்கூடங்களில் பன்முறை கண்ட உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில் யூஜினால், ஜெரானியால், தைமால் மூன்றும் 2013-இல் பயிர்காப்புப் பொருள்களாக ஒப்புதல் பெற்றன. அவற்றின் கலவை திராட்சையின் சாம்பல் அழுகல் நோய்க்குப் பயன்படுகிறது.

ஆனால், ஆவியாகிப் பறப்பதே இவ்வெண்ணெய்களின் இயல்பு. அப்படியே வயலில் தெளித்தால் வெயிலிலும் காற்றிலும் எவ்வளவு நேரம் நிற்கும்? அளவைக் கூட்டினாலோ இலையே கருகும். மில்லார்தே 1885-இல் வெளியிட்ட போர்டோக் கலவை வெறும் மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான். அது இன்றும் வழக்கில் இருப்பதற்கு, மழைக்கும் எளிதில் கரையாமல் இலையில் ஒட்டி நிற்பது ஒரு முக்கிய காரணம். பறக்கும் எண்ணெயை நுண்ணுறைகளில் அடைத்து மெல்ல வெளியிடும் முறைகள் உண்டு. அதற்கும் செலவு உண்டு. 'இயற்கை' என்று சீட்டு ஒட்டி, பொருளும் அளவும் குறிக்காமல் விற்கும் புட்டியை நம்பி உழவன் ஒரு போகத்தை இழந்தால், அவன் கடனை யார் அடைப்பது?

வயலில் குறையாகும் இவ்வியல்பு, மூடிய களஞ்சியத்தில் நிறைவாகிறது. ஆவி அங்கே தங்கும். தானியத்தின் இடுக்கெல்லாம் புகும். 1974-இல் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிச் சிற்றூர்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அஃப்ளடாக்சின் என்னும் அந்த நஞ்சு சமையற் சூட்டிலும் முற்றாக அழிவதில்லை. ஆகவே பூசணம் தோன்றுமுன் தடுப்பதே வழி. தானியத்தை நன்றாக உலர்த்துவது முதற்கடமை. எண்ணெய் அதற்குத் துணையே தவிர மாற்றாகாது.

எனவே நண்பர்களே, ஓமத்தைப் புகழ்ந்தது போதும், இனி அளப்போம். ஒரு மூட்டைக்கு எத்தனை துளி, எத்தனை மாதம் தாங்கும், என்ன விலை, உணவில் மணம் ஏறுமா, விதை முளைக்குமா என்று கணக்கிட்டுச் சொல்வோம். ஊரை விட்டு இத்தனை தொலைவு வந்து நாம் கற்கும் அறிவியல், உழவன் கேட்கும் இந்த எளிய கேள்விகளுக்கு விடை தரவில்லையென்றால் வேறெதற்கு?