பெட்ரோல் ட்யூனர்: எடை போட்டு வாங்குவோம்

சரக்கு எடுத்து வரவும், வாடிக்கையாளர் வீடுகளுக்குச் சாமான் அனுப்பவும் நம்மில் பலர் மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கிறோம். பெட்ரோல் செலவு அன்றாடம் கணக்கில் ஏறுகிறது. இந்நிலையில், "இந்தப் பெட்டியைப் பொருத்தினால் மைலேஜ் கூடும்" என்று யாரேனும் சொன்னால் சபலம் தட்டுவது இயற்கை. பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் பொருளை அறிந்துகொள்வது நல்லது.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இஞ்செக்‌ஷன் வந்துவிட்டது. எவ்வளவு பெட்ரோல் செலுத்துவது என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. கலப்பில்லாத பெட்ரோல் 1 கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். சைலன்சர் குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் தரும் தகவலைக் கொண்டு கம்ப்யூட்டர் அளந்து கொடுக்கிறது.

ட்யூனர் இந்த அளவையில் குறுக்கிட்டு, பெரும்பாலும் பெட்ரோலைச் சற்றுக் கூட்டுகிறது. இதனால் இழுவை சீராகலாம்; எஞ்சின் சூடு தணியலாம். சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிய பெரிய வண்டிக்காரர்களுக்கு அது பயன்படும். கூடுதலாகச் செலுத்தும் பெட்ரோலில் நமக்கு மிச்சம் எங்கிருந்து வரும்?

அப்படியும் வாங்க விரும்புவோர் சிலவற்றைக் கேட்க வேண்டும். நம் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரியதா? வயரை வெட்டாமல் பொருத்தி, வேண்டாதபோது கழற்ற முடியுமா? வண்டிக் கம்பெனியின் வாரண்டி நிலைக்குமா? பில் உண்டா? புகை வரம்பு மீறினால் 2019 சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதும் நினைவிருக்கட்டும்.

மைலேஜைச் சோதிப்பது எளிது. டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மீண்டும் நிரப்பி வகுத்துப் பாருங்கள். பொருத்தும் முன் மும்முறை, பின் மும்முறை. அதற்கும் முன்னதாக டயர் காற்று, செயின், ஏர் ஃபில்டர், பிரேக் பிடிமானம் இவற்றைச் சரிசெய்யுங்கள். பல வண்டிகளுக்கு இதுவே போதும்.

உதிரிபாகக் கடை நடத்தும் நம் சகோதர வணிகர்களுக்கும் ஒரு வார்த்தை. இழுவைக்கான பொருளை மைலேஜுக்கு என்று விற்பதும் எடைக்கல்லைக் குறைப்பதும் ஒன்றே. லாபம் ஒருநாள் வரும். போன நாணயம் திரும்பி வராது.