பழைய ஸ்போர்ட்ஸ் காரும் புதிய லீசிங்கும்



2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததிலிருந்து எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் வேறு கதை இல்லை. சுங்க வரி, அதற்கு மேல் 50% மேலதிக வரி, கலால் வரி, சொகுசு வரி, 18% வற் எல்லாம் சேர்ந்து 2025இல் பல வாகனங்களுக்கு வரியே வண்டியின் விலையைத் தாண்டியது. அப்படியிருந்தும் மாதச் சம்பளக்காரர்கள் லீசிங்கில் கையெழுத்து வைக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. சகோதரர்கள் நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு பழைய பிஎம்டபிள்யூ வைத்திருந்த காலத்தில் மட்டும் ஊரே கணக்குக் கேட்டது. “வாத்திமாருக்கு எதுக்கு ஸ்போர்ட்ஸ் கார்? இஸ்ராஃப் இல்லையா?”

1994ஆம் ஆண்டு 318ஐஎஸ். இரண்டே கதவு, 1.8 லீட்டர், 16 வால்வு, 140 குதிரைவலு. சீட்டுக் காசையும் சேமிப்பையும் போட்டு, கையில் இருந்த காசுக்கு வாங்கினோம். ஊரில் ஓடிய பழைய டொல்பின் வேன்களை விட விலை குறைவு. ஆனால் பெயர் பெயர்தானே, டொல்பினைப் பார்த்து யாரும் இஸ்ராஃப் என்று சொன்னதில்லை.

உம்மாவைப் பின் சீட்டில் ஏற்றுவது ஒரு கலை. முன் சீட்டை மடக்கி, குனிந்து, காலை முதலில் விட்டு... “இதுக்குள்ள ஏறுறதா, படுக்கிறதா மகன்?” என்று முதல் நாளே கேட்டுவிட்டார். ஏறி அமர்ந்த பிறகு இறங்க மனம் வராது, அது வேறு விஷயம்.

முதல் மாதமே சூடு ஏறத் தொடங்கியது. முன்னைய சொந்தக்காரர் கூலண்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணியை ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார். கடற்கரைக் கிணற்று உப்பு றேடியேட்டர் முழுக்கப் படிந்து அடைத்துக் கிடந்தது. எங்கள் கராஜ் பாஸ் மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினார். பஞ்சிகாவத்தையில் வாங்கிய தேர்மோஸ்டாட்டும் ஹோஸும் இரவு பஸ்ஸில் பார்சலாக வந்து சேர்ந்தன. பூட்டி முடித்து ஸ்டார்ட் பண்ணியதும் பாஸ் சொன்னார்: “சேர், ஆள் கிழவன். நெஞ்சு இளந்தாரி.” அந்தக் கராஜில் இரண்டு பொடியன்மார் இந்த ஒரு வண்டியில்தான் எஞ்சின் வேலை பழகினார்கள். புது வண்டி வாங்கினால் பணம் கொழும்புக்குப் போகும். பழைய வண்டியின் பணத்தில் பாதிக்கு மேல் ஊருக்குள்ளேயே சுற்றியது.

மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவைச் சொல்லாமல் விட ஏலாது. கண்டிக்குப் பரீட்சை வேலையாகப் போகும்போதெல்லாம் அந்த ஏற்றத்துக்காகவே காத்திருப்போம். மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கி, வளைவின் நடுவில் மெல்ல அக்சிலேட்டரை மிதித்தால், பின்னாலிருந்து யாரோ கைகொடுத்துத் தள்ளிவிடுவது போல இருக்கும். சக்தி பின் சக்கரங்களுக்குப் போகிற வண்டி அல்லவா. வேகம் ஒன்றும் பெரிதில்லை, லொறிக்குப் பின்னால் 40இல் போனாலும் அந்தச் சந்தோஷம் குறையாது. ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

ஊரின் கணக்கும் ஒரு இடத்தில் மாறியது. கலியாணக் காலம் வந்ததும் “மாப்பிள்ளை போக ஒரு தடவை தாங்களேன்” என்று கேட்டு வந்தவர்களில், இஸ்ராஃப் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கொடுத்தோம். ஒரு சதமும் வாங்கவில்லை. பூ ஒட்டின டேப்பின் பசையைச் சுரண்டத்தான் பாடுபட்டோம்.

2022இல் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர். அதுவும் எங்கள் வண்டி கேட்டது ஒக்டேன் 95. உம்மாவின் கண் சத்திரசிகிச்சையும் அந்த நேரம்தான் வந்தது. விற்றோம். இறக்குமதி நின்று இரண்டு வருஷம் தாண்டியிருந்ததால் பழைய வாகனங்களின் விலை ஏறிக் கிடந்தது. வாங்கியதை விடக் கூடவே கிடைத்தது. கடன் எதுவும் மிச்சமில்லை. அன்று லீசிங் கட்டிக்கொண்டிருந்த எங்கள் நண்பர்கள் சிலருக்கு விற்கவும் வழியில்லை, ஓட்டவும் வழியில்லை, தவணை மட்டும் ஒவ்வொரு மாதமும் வந்தது.

இஸ்ராஃப் என்ற சொல்லை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சொல் அது. ஆனால் வாசலில் நிற்கிற வண்டியின் பெயரைப் பார்த்து அதைச் சொல்லக்கூடாது. என்ன காசில் வாங்கினது, யாருக்குக் காட்ட வாங்கினது என்று கேளுங்கள். பெண் வீட்டார் பார்க்க வரும் கிழமைக்குள் ஒரு புது வண்டி கேற்றுக்குள் நிற்க வேண்டும் என்பதற்காக ஐந்து வருஷச் சம்பளத்தை எழுதிக்கொடுப்பவரிடம் போய்க் கேளுங்கள். மாப்பிள்ளைக்குக் கார் வேண்டும் என்று பேசி முடிக்கிற இடத்தில் இருந்துகொண்டு கேளுங்கள். அங்கே எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எழும்பி வந்துவிடுகிறோம்.

எங்கள் கார் இப்போது குருநாகல் பக்கம் ஓடுவதாகக் கேள்வி. வெள்ளி நிறம், பின் பம்பரின் இடது மூலையில் மதில் உரசிய கீறல் ஒன்று. அந்தப் பக்கம் போகிறவர்கள் கண்டால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். உம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.