மறைக்குறியை மறந்த பௌதிகவியல்

செய்மதி ஏன் விழுகின்றது? வழக்கமான விடை இது: மேல் வளிமண்டலத்தின் தடையினால் அதன் கதி குறைகின்றது, கதி குறைந்ததும் புவியீர்ப்பு அதனைக் கீழே இழுத்துவிடுகின்றது. வகுப்பறையிலும் செய்தித்தாளிலும் ஐயமின்றி வழங்கிவரும் இவ்விடை தவறானது. வளித்தடைக்கு உட்பட்டுப் படிப்படியாகத் தாழும் செய்மதியின் கதி குறைவதில்லை, கூடுகின்றது.

1957 ஒக்டோபர் 4 இல் ஏவப்பட்ட ஸ்புட்னிக் 1 புவியை ஒருமுறை சுற்றிவரத் தொடக்கத்தில் ஏறத்தாழ 96 நிமிடங்கள் எடுத்தது. வளித்தடை அதனை உறுத்த உறுத்த அக்காலம் குறுகியதேயன்றி நீளவில்லை. 1958 ஜனவரி 4 இல் அது எரிந்தழிந்தது.

இதில் மாயம் எதுவுமில்லை. வட்ட ஒழுக்கிற் செல்லும் பொருளின் இயக்கசத்தி ஒரு பங்காயின், அதன் அழுத்தசத்தி மறை இரண்டு பங்கு. மொத்தச் சத்தி மறை ஒரு பங்கு. தடை மொத்தச் சத்தியைக் குறைக்கின்றது. ஆகவே அந்த மறைப்பெறுமானம் பெருகுகின்றது. அதனுடன் இயக்கசத்தியும் பெருகுகின்றது. 400 கிலோமீற்றர் உயரத்திலிருந்து 200 கிலோமீற்றருக்குத் தாழும் செய்மதியின் ஒவ்வொரு கிலோகிராமும் ஏறத்தாழ 18 இலட்சம் யூல் அழுத்தசத்தியை இழக்கின்றது. அதிற் பாதி வெப்பமாகின்றது. மறுபாதி கதியை செக்கனுக்கு 7.67 கிலோமீற்றரிலிருந்து 7.79 கிலோமீற்றராக உயர்த்துகின்றது.

"மாணவருக்காக எளிமைப்படுத்தினோம்" என்பது இத்தவற்றுக்குக் கூறப்படும் சமாதானம். எளிமை என்பது உண்மையைச் சுருக்குவது. அதனைத் தலைகீழாக்குவது எளிமையாகாது. "இது கணிதக்காரரின் நுணுக்கம், நடைமுறைக்கு வேண்டாதது" என்பாரும் உளர். அவர்களுக்கு 1965 ஜூனில் நிகழ்ந்தது விடை கூறும். ஜெமினி 4 விண்கலத்தைச் செலுத்திய ஜேம்ஸ் மக்டிவிற், கழன்று சென்ற றொக்கற் பகுதியை அணுகும்பொருட்டு அதனை நோக்கிக் கலத்தை உந்தினார். நெருங்குவதற்குப் பதிலாக இடைவெளி விரிந்தது, எரிபொருள் வீணாகியது, முயற்சி கைவிடப்பட்டது. ஒரே ஒழுக்கில் முன்னே செல்வதை எட்டிப்பிடிக்க வேண்டுமாயின், முதலிற் கதியைத் தணித்துத் தாழ்ந்த ஒழுக்கில் இறங்குதல் வேண்டும். அங்கே சுற்றுக்காலம் குறைவு. இம்முறைமையைக் கணித்துச் செயற்பட்டபோது, அதே ஆண்டு டிசெம்பரில் ஜெமினி 6 விண்கலம் ஜெமினி 7 ஐ அணுகி அதனருகே நின்றது.

விண்வெளியில் ஈர்ப்பில்லை என்ற கூற்றும் இத்தகையதே. 400 கிலோமீற்றர் உயரத்தில் ஈர்ப்பு ஆர்முடுகல் புவிமேற்பரப்பில் உள்ளதன் ஏறத்தாழ 89 சதவீதம். அங்குள்ளோர் மிதப்பது ஈர்ப்பில்லாமையால் அன்று. கலமும் அவர்களும் ஒருங்கே விழுந்துகொண்டிருப்பதனால்.

சூத்திரம் தெரியாமையால் இத்தவறுகள் நிலைத்தன என்று கூற இயலாது. அதே சூத்திரத்திற் பெறுமானங்களை இட்டுச் சரியான விடை கண்ட மாணவனே, வாய்திறந்து விளக்கும்போது செய்மதி மெதுவாகி விழுகின்றது என்கின்றான். மறைக்குறி அவனுக்கு எழுத மறந்தாற் புள்ளி குறையும் ஒரு கோடு மட்டுமே. பொருள் ஈர்ப்பினாற் கட்டுண்டிருக்கின்றது என்னும் செய்தி அதில் உண்டென்று அவனுக்கு எவரும் உணர்த்தவில்லை.

தாய்மொழியில் விஞ்ஞானங் கற்பிக்க வேண்டும் என்பதற்குக் கூறப்படும் தலையாய நியாயம், விளங்கிக் கற்கலாம் என்பதே. தமிழிற் கற்றும் குறிப்பை மனனஞ் செய்வதே வழக்கமாயின் அந்த நியாயம் பொய்த்துப்போகும். கலைச்சொற்கள் நம்மிடம் உண்டு. அடுத்த விரிவுரையில் அம்மறைக்குறி கரும்பலகையில் எழுதப்படும்போது, அதன் பொருள் யாதென ஆசிரியர் வினவட்டும். அவர் வினவாவிடின் மாணவர் வினவட்டும்.