புலிகுத்திக் கல்லும் கூலிச் சீட்டும்

ஈட்டியைப் புலியின் மேல் பாய்ச்சியபடி நிற்கும் மனிதனைச் செதுக்கிய கல்லைக் கொங்கு நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். பட்டி மாட்டைக் காக்கப்போய் உயிர் விட்டவனுக்கு ஊரார் நட்ட கல் அது. திருப்பூர் வீரராசேந்திரன் தொல்லியல் மற்றும் வரலாற்று ஆய்வு மையத்தாரும், கோவை யாக்கை அமைப்பினரும் ஊர் ஊராகச் சென்று இத்தகைய சின்னங்களைத் தேடிப் பதிவு செய்து வந்திருக்கிறார்கள்.

“ராஜா காலத்துப் பெருமை, நமக்கென்ன?” என்று நம் தோழர்களில் சிலர் கேலி பேசுகிறார்கள். இது தவறு. அந்தக் கல்லில் நிற்பவன் ராஜாவா? மாடு காத்தவன்! நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது கிடைத்தவையும் இரும்பு உருக்கிய உலைகள், கல்மணிக்குத் துளையிட்ட பட்டறைகள், தங்கள் பெயரைக் கீறி வைத்த பானை ஓடுகள். 2000 ஆண்டுகளுக்கு முந்தைய உழைப்பாளிகளின் கைத்தடம் அல்லவா இது?

கைத்தொழிலாளியின் பானை ஓடு கிடைத்துவிட்டது. பஞ்சாலைத் தொழிலாளியின் காகிதம் எங்கே? 1888இல் ஸ்டேன்ஸ் மில் தோன்றியது முதல் எத்தனை தலைமுறை இங்கே நூல் நூற்றிருக்கிறது! ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஆண்டுதோறும் சின்னியம்பாளையத்தில் மாலை போடுகிறோம். 2020 மார்ச் ஊரடங்கில் அந்த மில்லும், கோவையிலிருந்த மற்ற நான்கு தேசிய பஞ்சாலைக் கழக மில்களும் நின்றன. மில் நின்றால் அதன் ரிக்கார்டுகளும் கரையான் வாய்க்குப் போகும்.

முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சங்க ஆபீசுக்கு வெள்ளையடித்தபோது பழைய நோட்டீஸ் கட்டுகளையும் மினிட் புத்தகங்களையும் மூன்று மூட்டையாக எடைக்குப் போட்டவர்கள் நாமேதான். அந்தக் காசில் டீயும் குடித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தோழர்களே, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கூலிச் சீட்டு, டோக்கன், சந்தா ரசீது, ஊர்வலப் படம் எதையும் எறியாதீர்கள், சங்கத்திடம் கொடுங்கள். கல்லெழுத்தைப் படியெடுக்கும் அந்த அன்பர்களையும் அழைப்போம். அவர்களிடம் கற்க வேண்டியது நிறைய உண்டு.

கவலை ஓட்டியவருக்கும், வருஷக் கூலியாகச் சோளம் அளந்து வாங்கிய பண்ணையாளுக்கும் சீட்டே கிடையாது. அவர் வாய்ச்சொல்லைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ரீலிங் டிபார்ட்மெண்ட் பெண்களின் பெயரோ மினிட் புத்தகத்தில் ஏறியதே குறைவு. முதலில் அவர்கள் வீட்டுக்குப் போவோம். பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.