நோயாளிக்கு மாத்திரம் ரகசியமா?

நமது நாட்டில் ஒரு மனிதன் பிறந்தால் அவனைக் கேட்காமலே ஜாதகம் எழுதி விடுகின்றார்கள். வயது வந்தால் அவனைக் கேட்காமலே கலியாணம் நிச்சயித்து விடுகின்றார்கள். சாவாவது அவனுக்குச் சொந்தமா என்று பார்த்தால் அதுவுமில்லை. புற்றுநோய் முற்றிவிட்டது என்கின்ற சேதி டாக்டருக்குத் தெரியும், நர்சுக்குத் தெரியும், மகனுக்கும் மருமகனுக்கும் தெரியும், பக்கத்துக் கட்டில்காரருக்குங்கூடத் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் நோயாளி! இதற்கு "நமது பண்பாடு" என்று பெயராம்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு தாய் கர்ப்பப்பை வாய்ப் புற்றோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவதாக வைத்துக் கொள்ளுவோம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாய் அலைந்த பின் வியாதி இனித் தீராது என்று தெரிகின்றது. உடனே மகன் நர்சைத் தனியே அழைத்து, "அம்மாவுக்குச் சொல்லிடாதீங்க நர்சம்மா" என்கின்றான். நர்சும், "புண்ணுதான் ஆயா, ஆறிடும்" என்கின்றார். அந்தத் தாய் இதை நம்புவாரென்றா நினைக்கின்றீர்கள்? தன் உடம்பு தேய்வதும், பிள்ளைகள் கண்ணைத் துடைப்பதும் அவருக்குத் தெரியாதா? எல்லோரும் நடிக்க, அவரும் நடிக்க, கடைசி நாட்கள் நாடகமாய்க் கழிகின்றன. இந்தச் சந்தில் நுழைகின்றவன் யார்? பரிகாரக்காரனும், மந்திரிக்கின்றவனும், "பூர்வஜன்ம பாவம்" என்கின்றவனுந்தானே! ஆடு போகும், மாடு போகும், தாலியும் அடகுக்குப் போகும். நோய் மாத்திரம் போகாது.

"சொன்னால் மனமுடைந்து போவாரே" என்று சிலர் கேட்கலாம். எப்படிச் சொல்லுவது என்பதுதான் கேள்வி. நடைவழியில் நின்றுகொண்டு, "ஒண்ணும் பண்ண முடியாது, கூட்டிட்டுப் போ" என்று எறிந்து பேசுவது உண்மை பேசுவதல்ல, திமிர். மலைவாசி என்றால் "நீ, வா, போ" என்பதும் அதே திமிர்தான். பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகின்றீர்கள்? யார் கூட இருக்க வேண்டும்?" என்று அவரையே கேட்க வேண்டும். "எல்லாம் மகனிடம் சொல்லு" என்று அவரே சொன்னால், அது அவர் தீர்ப்பு, அதன்படி நடக்கலாம். தன் ஊருக்குப் போய்த் தன் சாமியைப் பார்க்க வேண்டுமென்றால், அழைத்துப் போக வேண்டும். வாதம் செய்கின்ற இடம் மேடையே தவிர, மரணப்படுக்கையல்ல.

ஆனால் வலியைக் கர்மபலன் என்று சொல்லிச் சும்மா இருக்க ஒருவருக்கும் உரிமையில்லை. நர்சாயிருந்து பின் டாக்டரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் லண்டனில் சாகும் நோயாளிகளுக்கென்றே ஓர் இல்லம் திறந்து, வலியை அடக்க முடியும் என்று காட்டினார். நமது நாட்டிலோ 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்பின் மருந்து கிடைப்பதே அரிதாயிற்று. 2014-இல்தான் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் சிகிச்சையும் சேர்ந்திருக்கின்றது. கேட்டு வாங்குங்கள்!

இனி நமது தோழர்களுக்கு ஒரு வார்த்தை. புரோகிதன் இல்லாமல் கலியாணம் செய்து கொண்ட நீங்களே, தகப்பனார் படுக்கையில் விழுந்தால் நோயை மறைக்கின்றீர்கள். பலன் என்ன? சாகப்போவது தெரியாத மனிதர், "என் பிணத்துக்குச் சடங்கு வேண்டாம்" என்று எப்பொழுது சொல்லுவார்? யாரிடம் கடனைச் சொல்லுவார்? பெண்ணுக்குப் பங்கு எப்பொழுது எழுதுவார்? தேறாத நிலையில் தனக்கு இன்ன சிகிச்சை வேண்டாமென்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை சுப்ரீம் கோர்ட்டு 2018-இல் ஒப்புக்கொண்டது. 2023-இல் அதன் முறையையும் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்திட்டால் போதுமென்றது. உண்மை தெரியாதவனுக்கு அந்த உரிமை இருந்தென்ன, இல்லாமற் போயென்ன?

வாழும்போது ஒருவன் வாயை அடைப்பது அடிமைத்தனமென்றால், சாகும்போது அவன் காதை அடைப்பது மாத்திரம் அன்பாகிவிடுமா? யோசித்துப் பாருங்கள்!