ஜங்கிள் ஆட்டத்திற்குக் கை வேகம் மட்டும் போதாது

மொபைல் போனில் ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து, எதிரே உள்ள ஐந்து பேருடன் மோதும் கேம்கள் இன்று பல உள்ளன. நான் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் மதிய உணவு நேரத்தில் எந்த ஃபுட் கோர்ட்டுக்குப் போனாலும், போனைக் குறுக்குவாட்டில் பிடித்துக் கொண்டு, பெரு விரல்கள் இரண்டையும் ஓட்டிக் கொண்டிருக்கும் நாலு பேரைப் பார்க்கலாம். அவர்களில் பலர் ஆடுவது 2016ல் வெளியான ‘மொபைல் லெஜண்ட்ஸ்’. மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளில் இதற்குக் கிரிக்கெட் போல ரசிகர்கள். 2019ல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கம் தரும் விளையாட்டாகவே இது சேர்க்கப்பட்டது. போட்டியை நடத்திய நாடே தங்கமும் வாங்கியது.

இந்தியாவில் 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. எனவே நம் ஊர் வாசகர்கள் இதைத் தேடிப் பிடித்து இன்ஸ்டால் செய்யச் சொல்வது என் நோக்கமல்ல. இதே அமைப்பில் வேறு கேம்கள் உள்ளன. கம்ப்யூட்டரில் ‘டோட்டா 2’, ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஆகியவையும் இதே குடும்பம்தான். எல்லாவற்றிலும் ‘ஜங்கிள்’ என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஆடுபவரை ‘ஜங்கிளர்’ என்கிறார்கள். அந்த இடத்தைப் பற்றி நம் பிள்ளைகளிடம் இருக்கும் எண்ணம் தவறு என்பது என் கருத்து. காரணங்களைப் பார்ப்போம்.

முதலில் களத்தைப் புரிந்து கொள்வோம்

புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். களத்தின் இரு மூலைகளில் இரண்டு அணிகளின் கோட்டைகள். இரண்டையும் மூன்று பாதைகள் இணைக்கின்றன. இவற்றை லேன் என்கிறார்கள். ஒவ்வொரு பாதையிலும் காவல் கோபுரங்கள், அதாவது டவர்கள் இருக்கும். எதிரியின் கோட்டையை உடைத்தால் வெற்றி.

பாதைகளுக்கு இடையே உள்ள காடுதான் ஜங்கிள். அங்கே எந்த அணியையும் சேராத மிருகங்கள் நிற்கும். அவற்றை வீழ்த்தினால் தங்கமும் அனுபவப் புள்ளியும் கிடைக்கும். சில மிருகங்கள் கூடுதல் பலமும் தரும். இதற்கு பஃப் என்று பெயர். மூன்று பேர் ஆளுக்கொரு பாதையைக் கவனிப்பார்கள். நான்காமவர் சுற்றித் திரிந்து எல்லோருக்கும் உதவுவார். ஐந்தாமவர்தான் காட்டைச் சுத்தம் செய்து பலம் பெற்று, தேவையான இடத்தில் போய் நிற்கும் ஜங்கிளர்.

அவரிடம் ‘ரெட்ரிபியூஷன்’ என்ற ஒரு மந்திரம் இருக்கும். மிருகத்தின் மீது பிரயோகித்தால் ஒரே அடியில் பெரிய அளவு உயிரைக் குறைக்கும். இதற்கு ஈடாக, ஆரம்ப நிமிடங்களில் பாதையில் வரும் சிப்பாய்களைக் கொன்றால் அவருக்கு மற்றவர்களை விடக் குறைவாகவே தங்கம் கிடைக்கும். அதாவது, ‘உன் பிழைப்பு காட்டில்தான், அடுத்தவன் சாப்பாட்டில் கை வைக்காதே’ என்று விதியே சொல்லி விடுகிறது.

கொலைக் கணக்கு ஏமாற்றும்

இனி என் கருத்துக்கு வருகிறேன். ஜங்கிளர் என்றால் அதிகம் பேரைக் கொல்பவர் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே ‘எனக்கு ஜங்கிள், எனக்கு ஜங்கிள்’ என்று சண்டை. ஃபேன்னி, லிங், லான்ஸ்லாட் போன்ற வேகமான ஹீரோக்களை எடுத்துக் கொண்டு பறந்து பறந்து அடிக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ‘நான் 15 கில் எடுத்தேன், டீம் சரியில்லை, தோற்று விட்டோம்’ என்கிறார்கள்.

15 பேரை வீழ்த்தியும் தோற்பது எப்படி? விதியைப் பாருங்கள். கொன்றால் ஆட்டம் முடிவதில்லை. செத்தவர் சில நொடிகளில் கோட்டையில் உயிருடன் எழுந்து வந்து விடுவார். ஒருவரைக் கொன்றதால் கொஞ்சம் தங்கம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் உண்மையான லாபம், சிறிது நேரத்திற்கு எதிரணியில் ஓர் ஆள் குறைவு என்பதுதான். அந்த நேரத்திற்குள் ஒரு டவரை உடைத்தீர்களா, எதிரியின் காட்டில் புகுந்து மிருகங்களை எடுத்தீர்களா என்பதே கேள்வி.

கேரம் ஆடியவர்களுக்கு இது எளிதில் புரியும். ரெட் காயைப் போட்டால் மட்டும் போதாது. அடுத்து ஃபாலோ போட வேண்டும். இல்லையென்றால் ரெட் மறுபடியும் போர்டுக்கு வந்து விடும். ஜங்கிளரின் கில்லும் அப்படித்தான். ஃபாலோ இல்லாத கில் கணக்கில் சேராது.

கடிகாரம்தான் முதல் ஆயுதம்

மொபைல் லெஜண்ட்ஸில் ‘டர்டில்’ என்ற பெரிய ஆமை ஆட்டத்தின் 2வது நிமிடத்தில் வரும். அதை வீழ்த்தினால் அணி முழுவதற்கும் தங்கமும் அனுபவப் புள்ளியும் கிடைக்கும். 8வது நிமிடத்திற்குப் பிறகு ‘லார்ட்’ வருவார். அவரை வீழ்த்தினால் உங்கள் பக்கம் சேர்ந்து எதிரியின் டவர்களை இடிக்கப் புறப்படுவார். இரண்டிலும் ஒரு நிபந்தனை: கடைசி அடி யாருடையதோ அவருடைய அணிக்குத்தான் பலன். ஐந்து பேர் சேர்ந்து முக்கால் உயிரைக் குறைத்திருந்தாலும், புதரில் ஒளிந்திருந்த எதிரணி ஜங்கிளர் கடைசி நொடியில் ரெட்ரிபியூஷன் அடித்தால் எல்லாம் அவர்களுக்குப் போய் விடும்.

எனவே முதல் 2 நிமிடங்கள் ஜங்கிளருக்குப் பரீட்சை. ஹீரோக்களின் பெரிய சக்தி 4வது லெவலில்தான் திறக்கும். தன் காட்டிலுள்ள மிருகங்களை வரிசை தவறாமல் எடுத்தால் ஆமை வரும் நேரத்தில் அந்த லெவலில் இருக்கலாம். நடுவில் ஆசைப்பட்டு ஒரு எதிரியைத் துரத்திக் கொண்டு அரை நிமிடம் ஓடினால் எல்லாம் தள்ளிப் போகும். துரத்தியவன் தப்பித்தால் இரட்டை நஷ்டம்.

அடுத்தது மினி மேப். திரையின் மூலையில் உள்ள இந்தச் சிறிய படத்தைப் புதியவர்கள் பார்ப்பதே இல்லை. எதிரணி ஜங்கிளர் மேல் பாதையில் தலை காட்டினால், அடுத்த சில நொடிகளுக்குக் கீழ்ப் பக்கம் அவர் வர முடியாது என்று பொருள். அங்கே உள்ள டவரையோ அவருடைய பஃபையோ எடுக்கலாம். ஆமையைச் சுற்றி எதிரணி ஐந்து பேரும் நிற்கிறார்களா? வீரம் காட்டப் போகாதீர்கள். ஐந்து பேரும் ஓரிடத்தில் இருந்தால் மற்ற இடங்கள் காலி. ஆமையை விட்டுக் கொடுத்து ஒரு டவரை வாங்குவது நல்ல வியாபாரம்.

சாஃப்ட்வேர் துறையில் இருப்பதால் எனக்கு இது பழகிய விஷயம். ஒரு பெரிய புரோகிராமை ஐந்து பேர் எழுதும் போது, வேகமாக டைப் செய்பவரால் வேலை முடிவதில்லை. எந்த வேலை முடிந்தால் எது தொடங்க முடியும், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கொள்பவரால்தான் முடிகிறது. அவர் எழுதிய வரிகளை எண்ணினால் குறைவாக இருக்கும். அவர் லீவு போட்ட வாரத்தில்தான் அவருடைய அருமை தெரியும்.

உலகப் போட்டி சொன்ன பாடம்

இது என் சொந்தக் கற்பனை அல்ல. 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ‘எம்3’ என்ற மூன்றாவது உலகப் போட்டி நடந்தது. பிலிப்பைன்ஸின் பிளாக்லிஸ்ட் இண்டர்நேஷனல் அணி, அதே நாட்டின் ஆனிக் அணியை இறுதியாட்டத்தில் 4-0 என்று வென்றது. பிளாக்லிஸ்ட் அணியின் ஜங்கிளர் ‘வைஸ்’ என்ற பெயரில் ஆடும் டேனரி ஜேம்ஸ் டெல் ரொசாரியோ. அவருடன் ‘ஓமைவீனஸ்’ என்ற பெயரில் ஆடும் ஜான்மார் வில்லலூனா அணியை வழிநடத்தினார்.

அந்தக் காலகட்டத்தில் இந்த அணி புகழ்பெறச் செய்த முறையைக் கவனியுங்கள். ஜங்கிளர் பறந்து கொல்லும் ஹீரோவை எடுக்காமல், அடி தாங்கும் கனமான ஹீரோவை எடுப்பார். பின்னால் இருந்து எஸ்டெஸ் போன்ற ஹீரோ எல்லோருக்கும் உயிர் ஏற்றுவார். ஐந்து பேரும் கூட்டமாக நகர்ந்து ஆமையையும் லார்டையும் கைப்பற்றுவார்கள். ஜங்கிளர் முன்னால் நின்று அடி வாங்கி, சரியான நொடியில் ரெட்ரிபியூஷன் அடிப்பார். எதிரிகளைக் கொல்லும் பெருமை கோல்ட் லேனில் வளர்ந்த நண்பருக்குப் போகும். அதற்குப் பிறகு உலகமெங்கும் சாதாரண ஆட்டக்காரர்களும் இந்த முறையைப் பின்பற்றத் தொடங்கினார்கள். கேம் நிறுவனம் அவ்வப்போது விதிகளை மாற்றுவதால், வேகமான ஹீரோக்களுக்கு ஒரு காலம், கனமான ஹீரோக்களுக்கு ஒரு காலம் என்று மாறி மாறி வரும். ஆனால் ‘ஜங்கிளர் என்றால் கொல்பவர்’ என்ற சூத்திரம் அன்றே உடைந்து விட்டது.

எனவே விரல் வேகம் குறைந்தவர்கள் ஜங்கிளை நெருங்கக் கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. பாக்ஸியா, அகாய் போன்ற அடி தாங்கும் ஹீரோவை எடுத்துக் கொண்டு, கடிகாரத்தையும் மினி மேப்பையும் பார்க்கத் தெரிந்தால் 40 வயதுக்காரரும் நன்றாக ஆடலாம். காசு கொடுத்து வாங்கும் பளபளப்பான ஸ்கின்னை விட இந்தப் பழக்கம் பல மடங்கு பலன் தரும்.

உங்கள் கம்ப்யூட்டரையும் பயன்படுத்துங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு யோசனை. மொபைலில் ஆடும் போது திரையைப் பதிவு செய்யுங்கள். அந்த வீடியோ ஃபைலை யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றி, விஎல்சி பிளேயரில் வேகத்தைக் குறைத்து ஓட விடுங்கள். பெரிய திரையில் மினி மேப் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு 30 நொடிக்கும் நிறுத்தி, ‘இப்போது எதிரணி ஜங்கிளர் எங்கே இருந்தார், நான் எங்கே இருந்தேன்’ என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று ஆட்டங்களை இப்படிப் பார்த்தால், நேரம் எங்கே வீணாகிறது என்று உங்களுக்கே புரியும்.

இன்னொன்று. உடனே ரேங்க் ஆட்டத்தில் குதிக்காதீர்கள். கம்ப்யூட்டரே எதிரியாக ஆடும் வகையில் சேர்ந்து, முதல் 2 நிமிடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள். சைக்கிள் ஓட்டப் பழகுபவர் மெயின் ரோட்டில் பழகுவதில்லை அல்லவா?

வசவு வேண்டாம்

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒன்று. ஜங்கிளர் எல்லோருடைய கண்ணுக்கும் தெரிபவர். ஆமை பறிபோனால் பழி அவர் மீது. பாதையில் ஒருவர் செத்தால் ‘ஜங்கிளர் ஏன் வரவில்லை’ என்று கேள்வி. கேள்வியோடு நிற்பதும் இல்லை. பெற்ற தாயை இழுத்துத் திட்டுகிறார்கள். எங்கள் அடுக்குமாடியில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன், முகம் தெரியாத நாலு பேர் திட்டியதில் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்று அவன் அம்மா சொன்னார். அவனுக்கு அது விளையாட்டில் வந்த தோல்வியாகத் தெரியவில்லை. தன்னையே நாலு பேர் கேவலப்படுத்தியதாக எடுத்துக் கொண்டான்.

திட்டுபவருடைய பேச்சை மறைக்கும் வசதி கேமிலேயே இருக்கிறது. பெற்றோர் முதல் நாளே அதைப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். ‘தாக்கு, பின்வாங்கு, கூடு’ என்று சொல்ல ரெடிமேட் பட்டன்கள் உள்ளன. ஓர் ஆட்டத்தை நடத்த இந்த மூன்றும் போதும். பதிலுக்குத் திட்டி டைப் செய்யும் 5 நொடியில் உங்கள் ஹீரோ சும்மா நிற்கிறார் என்பதையும் மறந்து விடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. சாப்பிடக் கூப்பிட்டு, வராத பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்கினால், எங்கோ இருக்கும் நாலு பேர் ஓர் ஆள் குறைவாக ஆடித் தோற்பார்கள். பாதியில் போனதற்காக உங்கள் பிள்ளையின் நன்மதிப்புப் புள்ளியும் குறையும். அந்த ஆள் ஜங்கிளர் என்றால் அணிக்கு மீட்சியே இல்லை. இதனால் பிள்ளை சொன்னபடி எல்லாம் ஆடட்டும் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆட்டம் பெரும்பாலும் கால் மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். ‘எட்டு மணிக்குச் சாப்பாடு, ஏழரைக்கு மேல் புது ஆட்டம் தொடங்கக் கூடாது’ என்று முன்கூட்டியே பேசி வைத்துக் கொள்ளுங்கள். ஆரம்பிக்கும் முன்பு கட்டுப்பாடு, ஆரம்பித்த பிறகு பொறுமை. இது இரண்டு பக்கத்திற்கும் நியாயம்.

அடுத்த முறை ஜங்கிளராக ஆடி முடித்ததும், எத்தனை பேரைக் கொன்றோம் என்று பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை ஆமை, எத்தனை லார்ட் நம் பக்கம் வந்தது? ஒவ்வொரு கில்லுக்கும் பிறகு ஒரு டவராவது விழுந்ததா? மற்ற நால்வரில் யாராவது ‘இன்னொரு ஆட்டம் சேர்ந்து ஆடலாமா’ என்று கேட்டார்களா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், தோற்றிருந்தாலும் நீங்கள் நல்ல ஜங்கிளர்தான்.